காற்று நிற்கும் மணி எது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் காற்றாலை மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை மேசையில் இரண்டு அடுக்காகப் பிரிக்க வேண்டியதாயிற்று. "காற்றை நம்பி யாராவது மின்சாரத்தைத் திட்டமிடுவார்களா?" என்று கேட்பவை ஓர் அடுக்கு. "எரிபொருள் செலவே இல்லாத காற்று இருக்கும்போது வேறு எதற்கு?" என்று கேட்பவை இன்னோர் அடுக்கு. மின்சுமைக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறியாளராகப் பத்து ஆண்டுகள், பிறகு உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் என்று என் பணிக்காலம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் கழிந்தது. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் காற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

100 மெகாவாட் அனல் மின் நிலையம் ஆண்டு முழுவதும் சராசரியாக 90 மெகாவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மெகாவாட் காற்றாலை சராசரியாக 30 சதவீதம், அதாவது அதே 90 மெகாவாட் தருகிறது. கணக்கில் இரண்டும் சமம்தானே? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்)

ஆண்டு முடிவில் மொத்த யூனிட்டுகளை எண்ணினால் சமம்தான், ஐயா. எவ்வளவு எரிபொருள் மிச்சம், எவ்வளவு புகை குறைவு என்று பார்ப்பவருக்கு அந்தக் கணக்கே போதும். விளக்கு எரியுமா என்று பார்ப்பவருக்குப் போதாது.

திட்டமிடல் பிரிவில் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். உச்ச நேரத் தேவைக்கு எதிரே எந்தெந்த நிலையம் எவ்வளவு தரும் என்று ஒரு அட்டவணை போடச் சொன்னார்கள். காற்றாலைக்கு நேரே அதன் ஆண்டுச் சராசரியை எழுதி அனுப்பினேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. என் மேலதிகாரி அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் "எந்த மணிக்கு?" என்று மட்டும் எழுதியிருந்தார். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. சராசரி என்பது அந்த 8,760 மணிகளுக்கும் பொதுவானது. தட்டுப்பாடு வருவதோ அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மணிகளில்தான். அந்த மணிகளில் காற்று எப்படி இருந்தது என்று பார்க்காமல் எழுதிய எண் அது.

காற்றின் இயல்பும் சராசரிக்கு எதிரானது. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் கனத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வினாடிக்கு 10 மீட்டராக வீசிய காற்று 9 மீட்டருக்குக் குறைந்தால் முகத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தக் காற்றில் இருக்கும் ஆற்றல் 27 சதவீதம் போய்விடுகிறது. வினாடிக்கு 3, 4 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான டர்பைன்கள் மின்சாரமே தருவதில்லை. ஆகவே உங்கள் "சராசரி 90" என்பது பல மணிகளில் 10, 20 என்றும், சில மணிகளில் 250, 300 என்றும் கிடைத்தவற்றின் சராசரி. சரியாக 90 கிடைத்த மணி அபூர்வம்.

அப்படியானால் காற்றாலையின் நம்பகத்தன்மையை எண்ணால் சொல்லவே முடியாதா? (பொறியியல் மாணவி)

முடியும். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய மின்தொகுப்பு. தலா 100 மெகாவாட்டில் ஐந்து அனல் மின் நிலையங்கள். தேவை 400 மெகாவாட். ஒவ்வொரு நிலையமும் பத்தில் ஒரு முறை பழுதாகி நின்றுவிடும் என்று கொள்வோம். ஐந்தில் குறைந்தது நான்கு ஓடினால்தான் தேவை நிறைவேறும். நிகழ்தகவு போட்டுப் பாருங்கள்: பற்றாக்குறை வருவதற்கான வாய்ப்பு 8.1 சதவீதம். ஆறாவதாக இன்னோர் அனல் மின் நிலையம் சேர்த்தால் அது 1.6 சதவீதமாக இறங்கிவிடும்.

இப்போது அந்த ஆறாவது நிலையத்துக்குப் பதிலாக ஒரு காற்றாலைப் பண்ணை. எளிமைக்காக, தேவை உச்சத்தில் இருக்கும் மணியில் அது பாதி நாட்கள் 100 மெகாவாட் தரும், பாதி நாட்கள் ஒன்றுமே தராது என்று வைத்துக்கொள்வோம். காசு சுண்டிப் போடுவது போலத்தான். ஆனாலும் பற்றாக்குறைக்கான வாய்ப்பு 8.1-லிருந்து 4.5 சதவீதமாகக் குறைகிறது! நம்ப முடியாதது என்று எல்லோரும் சொல்லும் ஒன்று அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டது. ஏனென்றால் நிலையம் பழுதாகும் நாளும் காற்று நிற்கும் நாளும் ஒன்றாகவே வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அதே இடத்தில், அதே காற்றில், இன்னொரு பண்ணை வையுங்கள். இரண்டும் சேர்ந்தே சுழலும், சேர்ந்தே நிற்கும். வாய்ப்பு 4.5-லிருந்து 4.1-க்குத்தான் இறங்கும். முதல் பண்ணை செய்த வேலையில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் இரண்டாவது செய்தது. அதே இரண்டாவது பண்ணையை, காற்று வேறு தினுசாக வீசும் தொலைவான ஓரிடத்தில் வைத்தால் 2.5 சதவீதம். இயந்திரம் அதே, திறன் அதே. மாறியது இடம் மட்டும்தான்.

காற்றாலையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்தச் சின்னக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசினால், அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த நிகழ்தகவு முறை புதிதல்ல. கையிருப்புத் திறனை (தேவைக்கு மேல் தயாராக வைக்கும் உற்பத்தித் திறனை) இப்படிக் கணக்கிடலாம் என்று அமெரிக்காவில் கலப்ரீஸ் என்ற மின்பொறியாளர் 1947-இலேயே எழுதினார். 1966-இல் கார்வர் என்ற இன்னொரு பொறியாளர் அதை இன்னும் கூர்மையாக்கினார். ஒரு புதிய நிலையத்தைச் சேர்த்த பின், அபாயம் பழைய அளவிலேயே இருக்கும்படி தேவையை எவ்வளவு கூட்டலாமோ, அதுதான் அந்த நிலையத்தின் மெய்யான சுமை தாங்கும் திறன் என்றார். அவர் எழுதியது வழக்கமான நிலையங்களை மனத்தில் வைத்து. இன்று காற்றாலையின் மதிப்பை அளக்க உலகெங்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 100 மெகாவாட் காற்றாலைக்கு இந்தக் கணக்கில் 10 வரலாம், 30 வரலாம். அது அந்த இடத்தின் காற்றையும், தேவை உச்சம் தொடும் நேரத்தையும், ஏற்கெனவே எவ்வளவு காற்றாலை இருக்கிறது என்பதையும் பொறுத்தது. எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே எண்ணை யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

அபாயமே இல்லாத மின்தொகுப்பு எங்கும் கிடையாது. வட அமெரிக்காவில் பத்து ஆண்டுகளில் ஒரு நாள் பற்றாக்குறை என்பது நெடுங்கால அளவுகோல். பிரிட்டனில் ஆண்டுக்கு 3 மணி நேரம்.

புயல் காற்றில் காற்றாலைகள் நிறைய மின்சாரம் தருமா?

ஓர் அளவு வரைதான். வினாடிக்கு சுமார் 25 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலான டர்பைன்கள் இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். முழு வேகத்தில் ஓடிய பண்ணை சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வருவது, காற்று மெல்ல ஓய்வதைவிடக் கட்டுப்பாட்டு அறைக்குக் கடினமானது.

தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டதற்குக் காற்றாலைகள்தான் காரணம் என்கிறார் என் மகன். டெக்சாஸிலும் அப்படித்தானாமே? (இல்லத்தரசி ஒருவர்)

உங்கள் மகன் சொல்வதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அம்மா. அந்தத் துண்டு எது என்பதுதான் முக்கியம்.

2016 செப்டம்பர் 28. கடும் புயல். ஏறக்குறைய 170 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சுழல்காற்றுகள் (டொர்னாடோ) உயர் அழுத்த மின்கோபுரங்களைச் சாய்த்தன. அப்போது அந்த மாநிலத்தின் தேவையில் ஏறக்குறைய பாதியைக் காற்றாலைகள்தான் தந்துகொண்டிருந்தன. காற்று நிற்கவில்லை, பலமாகவே வீசிக்கொண்டிருந்தது. கம்பிகள் ஒன்றன் பின் ஒன்றாக அறுந்தபோது இரண்டு நிமிடத்தில் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து மீண்டது. டர்பைனின் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓர் அமைப்பு உண்டு: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் அழுத்தம் சரிந்தால், இயந்திரத்தைக் காப்பாற்ற உற்பத்தியைக் குறைத்துவிடு என்று. பல பண்ணைகளில் அந்த எண்ணிக்கை மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. மின்தொகுப்பை இயக்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போயிற்று. அத்தனை சுமையும் பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் முக்கிய இணைப்பின் மீது விழ, அதுவும் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் இருண்டது. சுமார் எட்டரை லட்சம் இணைப்புகள்.

இதில் தவறு எங்கே? கருவியில் இருந்த அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. அதைத் திருத்தினார்கள், பிரச்சினை அந்த வடிவில் தீர்ந்தது. இன்னொன்றும் உண்டு. அனல், நீர் மின் நிலையங்களின் ராட்சத ஜெனரேட்டர்கள் பல டன் எடையோடு சுழல்பவை. திடீரென்று சுமை கூடினால், அந்தச் சுழற்சியின் உந்தம் அலைவெண்ணைச் சட்டென்று விழவிடாமல் சில வினாடிகள் தாங்கிப் பிடிக்கும். (அலைவெண் என்பது மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண். அது 50-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்; தேவைக்கு உற்பத்தி போதாவிட்டால் விழும்.) அந்த மாலையில் அத்தகைய இயந்திரங்கள் அங்கே குறைவாகவே ஓடின. எனவே அலைவெண் விழுந்த வேகத்துக்கு, சுமையைத் தானாகக் குறைக்கும் ரிலேக்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. உங்கள் மகன் சொல்வதில் உள்ள உண்மைத் துண்டு இதுதான். பின்னர் அங்கே எரிபொருள் இல்லாமல், சுழல்வதற்காக மட்டுமே நான்கு பெரிய இயந்திரங்களை நிறுவினார்கள்.

டெக்சாஸ் கதை வேறு. 2021 பிப்ரவரியில் உறைபனி. காற்றாலை இறக்கைகளில் பனி உறைந்தது உண்மை. ஆனால் அந்த நாட்களில் டெக்சாஸையும் அண்டைப் பகுதிகளையும் சேர்த்து, எதிர்பாராமல் நின்ற உற்பத்தி அலகுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் இயற்கை எரிவாயு நிலையங்களுடையவை, காற்றாலைகள் 27 சதவீதம் என்று அமெரிக்க மத்திய ஒழுங்குமுறை அமைப்பின் விசாரணை சொன்னது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின்சாரம் இல்லாததால் எரிவாயு வரவில்லை, எரிவாயு வராததால் மின்சாரம் இல்லை. அந்த மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மேலே மாணவிக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாகத்தான் பழுதாகும் என்று அங்கே எடுத்துக்கொண்டேன். டெக்சாஸில் எல்லாம் ஒரே குளிரில் சேர்ந்து நின்றன. "சேர்ந்து நிற்பது" காற்றுக்கு மட்டும் உரிய குணம் என்று நினைத்துத் திட்டமிட்டவர்களுக்கு அந்த வாரம் பெரிய அடி. இதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

காற்று திடீரென்று குறைந்தால் கட்டுப்பாட்டு அறையில் என்ன செய்வீர்கள்?

ஒரு மாலையைச் சொல்கிறேன். காற்று இரவு ஒன்பது மணி வாக்கில் ஓயும் என்று முன்கணிப்பு சொல்லியிருந்தது. உச்ச நேரம் அதற்குள் தாண்டிவிடும், கவலையில்லை என்று இருந்தோம். ஆறே முக்காலுக்கே காற்று இறங்க ஆரம்பித்துவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரம்.

சுவரில் சிவப்பு எண்களில் அலைவெண் ஓடிக்கொண்டிருக்கும். 50.01, 49.98. அது சாதாரணம். 49.93 வந்தபோது பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 49.88. நீர் மின் நிலையத்துக்கு நேரடித் தொலைபேசி. "இரண்டாவது இயந்திரத்தையும் எடுங்கள்." அந்தப் பக்கம் தண்ணீர் பாயும் இரைச்சலுக்கு நடுவே, "மூன்று நிமிடம் கொடுங்கள் சார்" என்றது குரல். அனல் மின் நிலையங்களைக் கூட்டச் சொன்னோம். அவை நிமிடத்துக்குச் சில மெகாவாட்தான் ஏறும், கொதிகலனை அவசரப்படுத்த முடியாது. அந்த மூன்று நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டுமே பார்த்தேன். 49.84-இல் அது நின்றது. பிறகு மெல்ல மேலேறியது. ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை.

அன்றைக்குக் காப்பாற்றியது நாங்கள் அல்ல. அணையில் கொஞ்சம் தண்ணீரை உச்ச நேரத்துக்கென்று மிச்சம் வைக்க வேண்டும் என்று மாதங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் திட்டத்தில் எழுதியிருந்தார். ஷிப்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படும் மூன்று நிமிடத்தைத் திட்டமிடுபவர்தான் சம்பாதித்துத் தர வேண்டும். நான் அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனதற்கு அந்த மாலையும் ஒரு காரணம்.

பேட்டரிகள் வந்துவிட்டன. இனி என்ன கவலை? (சிறுதொழில் நடத்துபவர்)

காற்றிலிருந்து முதலில் மின்சாரம் எடுத்தவர்களே சேமிப்பிலிருந்துதான் தொடங்கினார்கள். 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் தன் காற்றாலையிலிருந்து பேட்டரிகளை நிரப்பி வீட்டுக்கு விளக்கேற்றினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் தன் மாளிகையின் நிலவறை நிறையப் பேட்டரிகளை அடுக்கினார். 1891-இல் டென்மார்க்கின் ஆஸ்கோவில் காற்றாலை அமைத்த போல் லா கூர், அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துச் சேமித்து, பள்ளிக்கு அந்த வாயுவில் விளக்கேற்றினார். காற்று எப்போதும் வீசாது என்பது மூவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. மூவரையும் நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை.

இன்றைய பேட்டரியில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு வேகமாகத் தரும், எவ்வளவு நேரம் தரும். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த இருட்டுக்குப் பின் 2017 இறுதியில் இயங்கத் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி அப்போது 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. வகுத்துப் பார்த்தால் முழுத் திறனில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வினாடிக்கும் குறைவான நேரத்தில் அலைவெண்ணைத் தூக்கி நிறுத்த அதற்கு ஈடு இல்லை. நான் சொன்ன அந்த மாலையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் தொலைபேசியையே எடுத்திருக்க மாட்டோம். மாலை உச்சத்தைத் தாண்ட நான்கு மணி நேரப் பேட்டரிகளும் இன்று வந்துவிட்டன.

ஆனால் ஜெர்மானியர்கள் "டுங்கெல்ஃப்ளவுட்டே" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெயிலும் இல்லாமல் காற்றும் இல்லாமல் மூட்டமாகவே கிடக்கும் நாட்கள். 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் அப்படி வந்தது. டிசம்பர் 12 அன்று மாலை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அங்கே மொத்தச் சந்தையில் மின்சார விலை மெகாவாட் மணிக்கு 900 யூரோவைத் தாண்டியது. நான்கு மணி நேரப் பேட்டரி அந்த நான்கு மணியைத்தான் கடத்தும், அடுத்த நாளை அல்ல. அதற்கு நீர்த்தேக்கம் வேண்டும், பக்கத்து நாட்டுக்கு இணைப்பு வேண்டும், இல்லையென்றால் அபூர்வமாக மட்டும் ஓடும் எரிபொருள் நிலையம் வேண்டும். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது என்றால், நார்வே, ஸ்வீடன் நாடுகளின் அணைகளோடு அதைப் பிணைத்திருக்கும் கம்பிகளும் அதில் பங்காளிகள்.

ஒவ்வொரு மெகாவாட் காற்றாலைக்கும் ஒரு மெகாவாட் அனல் மின் நிலையத்தைத் துணைக்குக் கட்ட வேண்டும் என்கிறார்களே?

தவறு. துணை வேண்டியது காற்றாலைக்கு அல்ல, தேவைக்கு. அந்த நிலையங்களில் பெரும்பகுதி காற்றாலை வருவதற்கு முன்பே தேவைக்காகக் கட்டப்பட்டவை. காற்றாலை வந்த பின் அவை குறைவாக ஓடும், குறைவாக எரிக்கும். அப்படிக் குறைவாக ஓடும் நிலையத்துக்குச் சம்பளமும் பராமரிப்பும் யார் கொடுப்பது என்பது நியாயமான கேள்வி. அதை இன்னோர் இதழில் விரிவாக எழுதுகிறேன்.

நானும் இந்தத் துறைக்கு வர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (மின்னியல் டிப்ளமோ மாணவர்)

ஏதாவது ஒரு மின்தொகுப்பின் ஓராண்டு மணிவாரித் தேவை, மணிவாரிக் காற்றாலை உற்பத்தி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் இவற்றைப் பொதுவில் வெளியிடுகின்றன. 8,760 வரிசைகள். தேவை அதிகமான மணி மேலே வரும்படி அடுக்கி, முதல் ஐம்பது மணிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மணியிலும் தேவையிலிருந்து காற்றாலை உற்பத்தியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து மறுபடி அடுக்குங்கள். பட்டியல் மாறும். பழைய ஐம்பதில் சில மணிகள் கீழே இறங்கிவிடும். தேவை நடுத்தரமாக இருந்தும் காற்று படுத்துவிட்ட வேறு சில மணிகள் மேலே ஏறி வரும்.

அப்படி ஏறி வந்தவற்றின் தேதியையும் நேரத்தையும் கையால் எழுதுங்கள். அந்த நாட்களின் வானிலை எப்படி இருந்தது என்று பழைய செய்தித்தாளில் தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று ஒரே வாரத்தில் வந்திருந்தால் அந்த வாரத்தை அடிக்கோடிட்டு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.